சைலன்சரை வீட்டிலேயே மாற்றுவதா, கடையில் விடுவதா?

கேள்வி: மெரிபேங்க் வாசகர் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். 2014இல் வாங்கிய எங்கள் டொயோட்டா கொரோல்லாவின் பின்பக்கத்திலிருந்து மூன்று வாரமாக உறுமல் சத்தம் வருகிறது. சென்ற சனிக்கிழமை தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சைலன்சர் பெட்டியின் அடியில், தகட்டை மடித்து ஒட்டியிருக்கும் விளிம்பு ஓரமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் துரு தின்றிருக்கிறது. விரல் பட்டதும் தகடு அப்பளம் போல உதிர்ந்தது. பெட்டியை நடுக்குழாயோடு இணைக்கும் இரண்டு நட்டுகளும் துருவேறி, முனைகள் மழுங்கிப்போய் இருக்கின்றன.

இரண்டு கடைகளில் விசாரித்தேன். முதல் கடையில், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) பின்னால் உள்ள குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று 4,200 ரேண்ட் கேட்டார்கள். இரண்டாவது கடையில், பணமே வேண்டாம், உங்கள் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நாங்கள் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் நேர்க்குழாய் வைத்து, புதுப் பெட்டியையும் மாட்டித் தருகிறோம் என்றார்கள். உதிரிபாகக் கடையில் பெட்டி மட்டும் 1,450 ரேண்ட்தான். என்னிடம் ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் உண்டு. பதினேழு வயது மகன் கூட இருந்து செய்ய ஆசைப்படுகிறான். இதை நாங்களே செய்யலாமா?

பதில்: சாட்ஸ்வர்த், ஓய்வுபெற்ற ஃபிட்டர்

தம்பி, தாராளமாகச் செய்யலாம், ஆனால் பெட்டி மட்டும் என்ற எல்லையைத் தாண்டாதீர்கள். நடுக்குழாயை ஒரு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று ஒலிக்கும் இடம் நன்றாக இருக்கிறது, பொத்தென்று ஒலிக்கும் இடம் உள்ளே அரித்துப்போயிருக்கிறது. குழாய் நன்றாக இருந்தால் முழுவதையும் மாற்றச் சொன்ன கடையின் பேச்சை மறந்துவிடலாம்.

உங்கள் பக்கம் கடல் உப்புக் காற்று அதிகம் என்பது உண்மைதான், ஆனால் பெட்டி பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. கடைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் குழாயின் கடைசிப் பகுதி சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுவதால், அந்த ஆவி குளிர்ந்து பெட்டியின் அடியில் தண்ணீராகத் தேங்கிவிடுகிறது. எனவே புதுப் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை இருந்தால் பழுது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள், அது தண்ணீர் வடிவதற்காக வைத்தது.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியபின் சமதளத்தில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். பையனுக்கு முதலில் இதைக் கற்றுக்கொடுங்கள். முந்தின நாள் மாலையிலும் இரவிலும் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். மழுங்கிய நட்டில் பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போட்டால் மிச்சமிருக்கும் முனையும் போய்விடும். ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றி, முதலில் இறுக்கும் திசையில் சிறிது அசைத்து, பிறகு கழற்றுங்கள். வராவிட்டால் மல்லுக்கட்டாமல் அறுத்துவிடுங்கள், புது போல்ட்டும் நட்டும் அதிக விலையில்லை. தொங்கும் ரப்பர்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் தடவினால் ரப்பர் கெட்டுவிடும். இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, பெட்டி எங்கும் உரசாமல் தொங்குகிறதா என்று பார்த்தபின், முன்னிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். நான் பார்த்த புகார்களில் பாதி, முதல் நட்டையே முழுதாக இறுக்கிவிட்டுப் பிறகு பெட்டியை வளைத்து மாட்டியவர்களுடையது.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

அய்யா சொன்ன முறையில் குறையில்லை, ஆனாலும் நான் கடைக்குக் கொடுப்பதையே சொல்வேன், அதற்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து எங்கள் வண்டியில் பெட்டியை மாற்றினார்கள். சத்தம் நின்றுவிட்டதால் வேலை முடிந்தது என்றே நினைத்தோம். அடுத்த வாரம் டர்பனுக்கு என்3 சாலையில் போய்வந்தபோது பின்சீட்டில் இருந்த என் மகள் தலைவலி என்றாள், பிறகு குமட்டுகிறது என்றாள். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். கண்ணாடியை இறக்கியதும் அவள் தெளிந்துவிட்டதைக் கவனித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் ஏற்றிப் பார்த்ததில், பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்த இணைப்பில் புகை கசிந்துகொண்டிருந்தது. பின்கதவின் ரப்பரும் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பெரியவர்களான எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நீங்களே செய்வதென்று முடிவெடுத்தால், வண்டியை வெளியே ஓட்ட வேண்டாம், முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். திறந்த வெளியில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு குழாயின் வாயைத் தடித்த துணியால் சில நொடிகள் பொத்த வேண்டும். கசிவிருந்தால் குமிழி வரும், சீறல் கேட்கும். குழாய் சூடேறிவிட்டால் சோப்பு நீர் காய்ந்துவிடும், அதனால் முதல் நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பதில்: லெனேசியா வாசகர்

அண்ணா, இலவசம் என்று சொன்ன அந்த இரண்டாவது கடையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். அது இலவசமே அல்ல. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் கூட்டின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. ருஸ்டன்பர்க் சுரங்கங்களில் மண்ணுக்கு அடியில் இறங்கி எடுக்கும் பொருள் அது, பழைய கன்வெர்ட்டரை வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் 1,450 ரேண்ட் பெட்டிக்காக அதைவிட விலைமதிப்புள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அதன்பின் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், அதற்கு முன்னால் இருக்கும் சென்சாரைப் போலவே காட்டத் தொடங்கும், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும், கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாற்றப்படாமல் அப்படியே வெளியேறும். அக்கா எழுதிய நிகழ்ச்சியை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கடைக்கே கொடுப்பதானாலும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டியது கடையின் கடமை, நீங்களாக வேண்டாம் என்றாலொழிய. 57ஆம் பிரிவு, மாட்டிய புதிய பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. வீட்டில் செய்தால் அந்த உத்தரவாதம் உங்களுக்குக் கிடையாது; நான் கடைப் பக்கம் சாய்வது அதனால்தான். விலையை எழுத்தில் வாங்குங்கள், பழைய பாகம் வேண்டும் என்பதை வண்டியை விடும்போதே சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: மெரிபேங்க் வாசகர்

எல்லோருக்கும் நன்றி. நடுக்குழாயைத் தட்டிப் பார்த்ததில் கடைசிவரை கணீரென்றே ஒலித்தது, ஆகவே பெட்டியை மட்டும் வாங்கினேன். ஒரு நட்டு ஃபிட்டர் அய்யா சொன்னபடி கழன்றது. இன்னொன்றை அறுத்தபோது போல்ட்டு துவாரத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. துளைத்து எடுக்கிறேன் என்று மகன் சொன்னான், நான் விடவில்லை. பக்கத்துத் தெரு வெல்டிங் கடைக்காரர் வந்து 250 ரேண்ட் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் எடுத்துக்கொடுத்தார். பழைய பெட்டியை நிமிர்த்தியபோது அரை டம்ளர் துருத்தண்ணீர் கொட்டியது, அய்யா எழுதியது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

சோப்பு நீர்ச் சோதனையில் முதல் தடவை இணைப்பின் மேல்பக்கம் இரண்டு குமிழிகள் வந்தன. கேஸ்கெட் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கழற்றித் திரும்ப மாட்டியபின் ஒன்றும் வரவில்லை. பாட்டி பின்சீட்டில்தான் உட்காருவார் என்பதால், நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கி, அதே சோதனையை இன்னொரு முறை செய்யப்போகிறோம். கன்வெர்ட்டர் அதன் இடத்திலேயே இருக்கிறது.