விண்டோஸ் 11-லிருந்து 10-க்கு இறக்கணும், டிஸ்க்கே தெரியல – உதவி தேவை

வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை லேப்டாப்: இன்டெல் 11-வது தலைமுறை, என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை). பழைய பில் பிரிண்டருக்காக விண்டோஸ் 10 வேணும். (2025 அக்டோபர் 14-ஓட அப்டேட் நின்னது தெரியும், திட்டாதீங்க.)

11-க்கு மாறி 10 நாள் தாண்டிட்டதால, பழைய விண்டோஸுக்குத் திரும்புற 'கோ பேக்' வேலை செய்யாது. 8 ஜிபி பென்டிரைவ்ல பூட் பண்ணா, பார்ட்டிஷன் பக்கம் காலி. காரணம் விஎம்டி (டிஸ்க்கை நிர்வகிக்கிற இன்டெல் வசதி), விண்டோஸ் 10 இன்ஸ்டாலர்ல அதுக்கான டிரைவர் கிடையாது. பயாஸ்ல அதை நிறுத்த ஆப்ஷனும் இல்ல. இருந்து நிறுத்தினாலும், இப்போ இருக்கிற 11 நீலத்திரையில நின்னுடலாம்.

ஐஆர்எஸ்டி டிரைவரை (விஎம்டி-க்கான இன்டெல் டிரைவர்) இஎக்ஸ்இ-யா வச்சா இன்ஸ்டாலரோட 'லோட் டிரைவர்' எடுக்காது. ஐஎன்எஃப் ஃபைலோட (டிரைவர் விவரம் இருக்கிற ஃபைல்) பிரிச்ச ஃபோல்டர்தான் வேணும். 11-வது தலைமுறைக்குச் சரியா வந்தது யார்கிட்டயாவது இருக்கா? பதிப்பு எண்ணையும் சொல்லுங்க. பெரம்பூர், வியாசர்பாடி பக்கம்னா நேர்லயே வந்து வாங்கிக்கிறேன். டேட்டா, பிட்லாக்கர் கீ (டிஸ்க் பூட்டைத் திறக்கிற எண்) ரெண்டும் எடுத்து வச்சாச்சு.