லூபஸ் இருப்பவருக்கு மண்ணீரல் கிழிந்தால் எடுத்துவிட வேண்டுமா, காயில் (coil, ரத்தக்குழாயை அடைக்கும் மெல்லிய உலோகச் சுருள்) வைத்தால் போதுமா?

கேள்வி:
அக்காவுக்கு ஏழு வருடமாக லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), ஸ்டீராய்டு எடுக்கிறார். எங்கேயும் விழவில்லை, அடிபடவில்லை. போன வாரம் ராத்திரி இடது தோள் வலிக்கிறது என்றார், நானும் களிம்பு தடவி படுக்க வைத்தேன். விடியற்காலை எழுந்து நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார், கையெல்லாம் சில்லிட்டுப் போயிருந்தது. சிடி ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம். வயிற்றைத் திறக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு மண்ணீரல் தமனியில் காயில் வைத்து அடைத்தார்கள். இன்று ஐந்தாவது நாள், 38.2 டிகிரி செல்சியஸ் ஜுரம், இடது விலாவுக்குக் கீழே வலி. தமனியை அடைத்தால் மண்ணீரல் செத்துப்போகாதா? ஒரேயடியாக எடுத்திருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில் 1:
தோள் வலியை நினைத்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கசிந்த ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) உறுத்தும்போது வலி தோளில்தான் தெரியும், யாருக்கும் சட்டென்று பிடிபடாது. நான் ஆஞ்சியோ லேபில் வேலை செய்கிறேன். பெரிய தமனியின் நடுவில் காயில் வைத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து கிழிசல் உறைந்துகொள்ளும், ஆனால் இரைப்பையிலிருந்து வரும் சின்னச் சின்னக் கிளைகள் வழியாக ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும், அதனால் பெரும்பாலும் மண்ணீரல் முழுசாகச் சாகாது. பிபி இறங்காமல் நிலையாக இருக்கிறவர்களுக்குத்தான் இது. ரத்தம் ஏற்றியும் பிபி இறங்கிக்கொண்டே போனால் ஆபரேஷன்தான், அங்கே தாமதிக்கக் கூடாது.

ஜுரமும் வலியும் முதல் சில நாட்கள் பலருக்கு வரும். ஆனால் உங்கள் அக்கா ஸ்டீராய்டில் இருக்கிறார், அது ஜுரத்தை அமுக்கிவிடும், வெள்ளை அணுக்களையும் தானே ஏற்றிவிடும், ஆகவே இரண்டையும் மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. குளிர்நடுக்கம் வந்தாலோ வலி கூடினாலோ சீழ் இருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் கேளுங்கள். இன்னொன்று, ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

பதில் 2:
எனக்குக் கணைய அழற்சி. கணைய நீர் அரித்து மண்ணீரல் தமனியில் ஒரு இடம் பலூன் மாதிரி புடைத்துக் கசிந்தது, காயில்தான் வைத்தார்கள். அழற்சியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், அங்கே கத்தி வைத்தால் எங்கே ரத்தம் பீறிடும் என்று சொல்ல முடியாது என்றார் சர்ஜன். மூன்றாவது வாரம் சீழ் கட்டியது உண்மை. அதையும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் குழாய் வைத்து வடித்தார்கள், மண்ணீரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துவிட்டால் நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் மாதிரி கிருமிகள் ஆயுசுக்கும் பயம், அதுவும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. தடுப்பூசி பற்றி இப்போதே அக்காவின் லூபஸைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரிடம் பேசிவிடுங்கள், உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி அவருக்குக் கூடாது என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மறு ஸ்கேன் எடுத்தார்கள். சீழ் இல்லை, இடது நுரையீரல் அடியில் கொஞ்சம் நீர் மட்டும். சாயங்காலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார்.