சுக்கான், செம்மண், களர் மூன்றும் ஒரே காட்டில்: எந்தப் புல் விதையை எங்கே போடுவது?

கிளுவைவேலி:

வெள்ளகோவில் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஏழெட்டு வெள்வேல் மரம். இதைக் கொறங்காடாக்க (வேலியடைத்த மேய்ச்சல் காடாக்க) வேண்டும். மாடு மூன்று, மயிலம்பாடிச் செம்மறி இருபத்தைந்து.

மேல்மேடு ஒன்றரை ஏக்கர் சுக்கான், அதாவது சுண்ணாம்பு கலந்த கெட்டி நிலம். நாலு விரல் ஆழத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்காது. நடுச்சரிவு ஒரு ஏக்கர், சரளை கலந்த செம்மண். கீழ்க்கோடி அரை ஏக்கரில் மழை பெய்தால் பத்து நாள் தண்ணீர் நிற்கும், காய்ந்தால் பாளமாக வெடித்து மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும்.

மூன்று இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை (pH) 8.4 என்று வந்தது. கடையில் 'மேய்ச்சல் கலவை' என்று பத்துக் கிலோ பை தருகிறார்கள்: கோ எஃப்.எஸ். 29 சோளம், கினியாப் புல், பயறுவகைத் தீவனங்களான வேலிமசால், முயல் மசால். இதையே மொத்தக் காட்டுக்கும் வீசிவிடலாமா? ஜிப்சம் வேண்டுமா?

சுண்ணாம்புக்காடு:

அந்தப் பையை வாங்காதீங்க. கோ எஃப்.எஸ். 29 அறுத்த தூர் மறுபடி துளிர்க்கத் துளிர்க்க (மறுதாம்பு) அறுக்கும், பாசனத்தில் வளரும் இறவைச் சோளம். கினியாவுக்கும் ஈரம் வேண்டும், மர நிழலில் வளரும், சுக்கான் மேட்டில் வைகாசி வெயிலுக்கு நிற்காது. பையின் எடையில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான் இருக்கும். உங்கள் காட்டுக்கு ஆகும் விதை மிச்சத்தில்தான்.

விதைக்கு முன்னால் மண்ணைப் பிரித்துப் பாருங்க. மூன்றையும் கலந்து எடுத்த 8.4 எந்த இடத்து மண்ணையும் சொல்லாது. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்துத் தனித்தனிப் பையில் கொடுங்க. கார அமில நிலை, உப்பின் அளவான மின்கடத்தும் திறன் இரண்டும் கேளுங்க. கீழ்க்கோடிக்கு மட்டும் மாறும் சோடியம் விழுக்காடும் (மண்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) ஜிப்சம் தேவையும் சேர்த்துக் கேளுங்க.

முடிவு வருவதற்குள் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். சுக்கான் மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும். அங்கே காரத்தன்மை சுண்ணாம்பால் வருவது. அதற்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை, மண்ணும் கெட்டுப்போனதல்ல. கீழ்க்கோடி மண்ணில் சுண்டைக்காய் அளவு காய்ந்த கட்டியை எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி, கலக்காமல் மெதுவாகப் போடுங்க. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் சோடியம் மிகுந்த களர். வெறுமனே உதிர்ந்து தண்ணீர் தெளிவாக நின்றால் களர் அல்ல. உப்பு மிகுந்த உவராக இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இதைச் செய்யக் கூடாது. அதிலுள்ள உப்பு மண் கலங்குவதைத் தடுத்து, களரையும் நல்ல மண் போலக் காட்டிவிடும்.

களருக்கு ஜிப்சம் வேலை செய்யும். உவருக்குத் தண்ணீர் கட்டிக் கழுவி வடிப்பதுதான் வழி. இரண்டிலும் வடிகால் இல்லாவிட்டால் செலவு வீண். ஜிப்சம் சோடியத்தை மண்ணிலிருந்து பிரித்துத்தான் கொடுக்கும், அதை வெளியேற்றுவது தண்ணீர். ஆகவே கீழ் ஓரத்தில் இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் பறிப்பதே முதல் வேலை.

ஆட்டுப்பட்டி:

மேலே சொன்னதோடு விதை அளவையும் சேர்க்கிறேன். எல்லாம் ஏக்கருக்கு.

சுக்கான் மேடு: கொழுக்கட்டைப் புல் 3 கிலோ, வேலிமசால் 2 கிலோ, நரிப்பயறு 1 கிலோ. கொழுக்கட்டையில் கோ 1 நீலக் கொழுக்கட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பக்கத்துக் கொறங்காட்டில் உருவிய விதை எந்த வெளியூர் விதைக்கும் குறைந்ததல்ல. முயல் மசாலை இங்கே போட வேண்டாம். அது அமில மண்ணிலும் நடுநிலை மண்ணிலும் வரும் பயிர். சுண்ணாம்பில் வெளுத்து நின்றுவிடும்.

செம்மண் சரிவு: கொழுக்கட்டை 2.5 கிலோ, முயல் மசால் 1.5 கிலோ, நரிப்பயறு 1 கிலோ. முயல் மசாலுக்கு இதுதான் இடம்.

கீழ்க்கோடியில் இந்த வருடம் புல்லே வேண்டாம். ஜிப்சம் இட்டு மேல் நாலு அங்குலத்தில் கலந்து, சுற்றி வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தி வடியுங்க. பிறகு பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் விதைத்து, பூக்கும் தறுவாயில், நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுங்க. களரும் தாங்கும், தேங்கிய நீரும் தாங்கும் செடி அது. அடுத்த வருடம் ரோட்ஸ் புல் 2 கிலோ வீசி, இடையிடையே அருகம்புல் தண்டு பதியுங்க. கொழுக்கட்டையை அங்கே கொண்டுபோனால் முதல் தேக்கத்திலேயே வேர் அழுகும். நீர்ப்புல்லும் சரிவராது. ஈரத்தில் நன்றாக வரும், ஆனால் உங்கள் ஊர்க் கோடையில் கருகிவிடும்.

கடினத் தோல் விதைகளுக்கு வெந்நீர் நேர்த்தி கட்டாயம். வேலிமசால், முயல் மசால் இரண்டுக்கும் 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம். வெப்பமானி இல்லையென்றால் மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். உடனே வடித்து நிழலில் உலர்த்துங்க. இறவையில் செய்வதுபோல் இரவு முழுக்க ஊறவைக்காதீங்க. ஊறிய விதை காய்ந்த மண்ணில் விழுந்தால் முளை விட்டுச் சாகும். மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நேர்த்தி செய்து, ஒரு பங்கை அப்படியே கலப்பதுதான் மானாவாரிக்குப் பாதுகாப்பு. முதல் மழை ஏமாற்றினாலும் அந்த ஒரு பங்கு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

கொழுக்கட்டைக்கு வேறு சிக்கல். புதிதாக உருவிய விதை ஆறு முதல் எட்டு மாதம் உறக்கத்தில் இருக்கும். இந்தப் புரட்டாசியில் விதைக்கப் போன தை, மாசியில் உருவிய விதையாகப் பார்த்து வாங்குங்க. கொழுக்கட்டை விதையை மூடியிருக்கும் பஞ்சுமுடியில் பாதி, உள்ளே விதையில்லாத வெறும் சண்டாகக்கூட இருக்கும். நூறு முடியை உள்ளங்கையில் தேய்த்து எத்தனையில் அரிசி (உள்விதை) இருக்கிறது என்று எண்ணுங்க. முப்பதுக்குக் குறைந்தால் விதை அளவை ஒன்றரை மடங்காக்குங்க.

மேட்டுமழை:

கலவை சரி. வீசும் முறையையும் சொல்லிவிட வேண்டும், தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லா விதையையும் ஒரே கூடையில் கலந்து வீசக் கூடாது. கனமான பயறு அடியில் இறங்கும், பஞ்சுவிதை மேலே நிற்கும்; காட்டின் ஒரு மூலை முழுக்கப் பயறும் மறுமூலை முழுக்கப் புல்லுமாகிவிடும். கொழுக்கட்டையைத் தனியாக, நாலைந்து மடங்கு ஈர மணலில் பிசறி, காற்றில்லாத காலையில் கிழக்கு மேற்காக வீசுங்க. பயறு வகைகளைத் தெற்கு வடக்காக இன்னொரு நடை. பிறகு வேலாமுள் கொப்பை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். கொழுக்கட்டை ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் வெளியே வராது. ரோட்டாவேட்டர் ஓட்டி மூடியவர்கள் 'விதை போலி' என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எறும்பும் கவனிக்க வேண்டியது. முயல் மசால் விதையை இரண்டே நாளில் புற்றுக்குக் கொண்டுபோய்விடும். விதை ஒரு பங்கு, சாணம் ஒரு பங்கு, களிமண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்து பட்டாணி அளவு உருண்டையாக்கி நிழலில் காயவைத்து வீசினால் எறும்பும் தொடாது, காற்றும் அடிக்காது. ஒரு ஏக்கர் செம்மண் சரிவுக்கு இது செய்யத் தக்க வேலை.

அடியுரம் ஏக்கருக்கு சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ. முதல் வருடம் யூரியா போடாதீங்க. புல் எழும்பிப் பயறை அமுக்கிவிடும்.

ஒரு மாற்றுக்கருத்து: நரிப்பயறோடு துணைப்பயிராகக் கம்பு ஒரு கிலோ சேர்த்தால் முதல் வருடமே தட்டு கிடைக்கும், இளம்புல்லுக்கு நிழலும் ஆகும்.

ஆட்டுப்பட்டி:

@மேட்டுமழை, செம்மண்ணில் கம்பு சரி. சுக்கானில் வேண்டாம். நாலு விரல் மண்ணில் இருக்கும் ஈரத்தைக் கம்பு முதலில் குடித்துவிடும், புல் நாற்று கார்த்திகைக்குள் போய்விடும். எங்கேயுமே கம்புக்குப் பதில் சோளத்தைத் துணைப்பயிராகப் போடாதீங்க. காய்ச்சலில் நிற்கும் இளஞ்சோளத்தை ஆடு கடித்தால் நச்சாகும். பூக்கும் முன் மேயவிடவே கூடாது.

கிளுவைவேலி:

இரண்டு சோதனையும் செய்தேன். மேட்டு மண் நன்றாக நுரைத்தது. கீழ்க்கோடிக் கட்டி இரண்டு மணி நேரத்தில் பால் மாதிரி ஆகிவிட்டது. மூன்று பையும் தனியாகப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டேன். ஆடுகளை எப்போது உள்ளே விடலாம்?

சுண்ணாம்புக்காடு:

அப்படியானால் மேட்டுக்கு ஜிப்சம் வேண்டாம், கீழே களர். ஜிப்சம் தேவை என்று ஆய்வகம் தரும் அளவில் பாதி இட்டால் மேல்மண்ணுக்குப் போதும், முழு அளவும் தேவைப்படாது.

ஆடு, மாடு முதல் வருடம் உள்ளே வேண்டாம். கொழுக்கட்டை பூத்து விதை உதிர்ந்த பிறகு, தை மாதம் அறுத்துப் போடுங்க. இரண்டாம் வருட மழைக்குப் பிறகு தூரைக் கையால் இழுத்துப் பாருங்க. வேரோடு வராமல் இலை அறுந்தால் மேய்ச்சலுக்குத் தயார். செம்மறி அடிவரை கடிக்கும், அதனால் நாலு விரல் உயரம் மிச்சமிருக்கும்போதே வெளியே ஓட்டிவிட வேண்டும். காட்டை நாலாகத் தடுத்து மாற்றி மாற்றி விடுங்க. இத்தனை உருப்படிக்கு மூன்று ஏக்கர் மானாவாரிப் புல் வருடம் முழுக்கக் காணாது. மாசி முதல் ஆனி வரைக்கும் சோளத்தட்டு இப்போதே வாங்கிப் போரில் வையுங்க.