800 மீட்டர் ஏற்றம், இரண்டு சுற்று மாரத்தான்: பேஸ் (ஓட்ட வேகம்) எப்படிப் பிரிப்பது?

சமதளக்கால் கேட்டது:

இன்னும் பத்து வாரத்தில் ஒரு சின்ன கிராமப்புற மாரத்தான். 150 பேருக்குள்தான் ஓடுவார்கள். 21.1 கி.மீ. வளையம், அதை இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்று இப்படி இருக்கிறது:

முதல் 4 கி.மீ. ஏறக்குறைய சமதளம். அடுத்த 5 கி.மீ. 4% ஏற்றம் (100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும்), தார்ச்சாலை. உச்சியிலிருந்து 2 கி.மீ. 10% இறக்கம், சரளை. பிறகு ஏரிக்கரையை ஒட்டி 3 கி.மீ. சமதள மண்பாதை. அங்கிருந்து 2 கி.மீ. 10% ஏற்றம், இதுவும் சரளை. கடைசி 5 கி.மீ. 4% இறக்கம், தார்.

சுற்றுக்கு 400 மீ. ஏற்றம், மொத்தம் 800 மீ. தண்ணீர் 7 கி.மீ.க்கு ஒரு இடம். சாலையை மூட மாட்டார்கள். கட்-ஆஃப் (முடிக்க வேண்டிய நேர வரம்பு) 6 மணி 30 நிமிடம்.

சமதள மாரத்தானில் என் நேரம் 4:13 (மணி:நிமிடம்), அதாவது கி.மீ.க்கு 6:00 (நிமிடம்:வினாடி). பக்கத்தில் மலை எதுவும் இல்லை. கேள்விகள்: எந்த நேரத்தைக் குறிவைப்பது? 10% ஏற்றத்தை ஓடுவதா, நடப்பதா? மேடே இல்லாத ஊரில் எப்படித் தயாராவது? ஷூ எது?

---

சாய்கோடு:

மொத்த ஏற்றத்தை மட்டும் வைத்து நேரம் கணிக்காதீர்கள். 800 மீட்டரை 4% சரிவில் ஏறுவதும் 10% சரிவில் ஏறுவதும் வேறு வேறு பந்தயம். காரணம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது.

மினெட்டி என்ற உடலியங்கியல் ஆய்வாளரின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சரிவுக்கு ஏற்ப ஓட்டத்தின் ஆற்றல் செலவு எப்படி மாறுகிறது என்று ஒரு சமன்பாடு உண்டு. அதன்படி சமதளத்தில் ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் நகர்த்த 3.6 ஜூல். 4% ஏற்றத்தில் சுமார் 4.45 (24% கூடுதல்), 10% ஏற்றத்தில் சுமார் 5.97 (66% கூடுதல்). இறங்கும்போது 4%-ல் 2.9, 10%-ல் 2.15. காகிதத்தில் பார்த்தால் 10% இறக்கத்தில் நீங்கள் கி.மீ. 3:35-ல் பறக்கலாம்! சரளையில் அந்த வேகத்தில் இறங்க முயன்றால் கால் தாங்காது. மூச்சு மிச்சமிருக்கும், ஆனால் பிரேக் போட்டே தொடை செத்துவிடும். ஆக, மென்சரிவில் ஏறும்போது இழந்ததில் பாதியாவது இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும். செங்குத்தில் அநேகமாக எதுவும் கிடைக்காது.

உங்கள் சுற்றுக்குக் கணக்கு:

சமதளம் 7 கி.மீ., மண்பாதையையும் சேர்த்து 6:10 வீதம்: 43 நிமிடம்
4% ஏற்றம் 5 கி.மீ., 7:30 வீதம்: 37½
10% இறக்கம் 2 கி.மீ., 6:00 வீதம்: 12
10% ஏற்றம் 2 கி.மீ., 10:00 வீதம்: 20
4% இறக்கம் 5 கி.மீ., 5:30 வீதம்: 27½

கூட்டினால் 2:20. இரண்டாம் சுற்றில் ஐந்து முதல் பத்து நிமிடம் தளர்வு வரும் என்று வைத்தால் 4:45–4:50. முதல் சுற்றை 2:15-க்குக் குறைவாக முடித்தால் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வட்டி 30-வது கி.மீ.க்கு மேல் வசூலாகும்.

10% ஏற்றத்தில் நடங்கள். 10:00 என்பது மணிக்கு 6 கி.மீ., அது வேக நடையின் எல்லைக்குள்தான் வருகிறது. அந்த வேகத்தில் ஓடுவது போலக் குதித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால்தான் வீணாகும். உடம்பை இடுப்பில் மடிக்காமல் கணுக்காலிலிருந்து சாய்த்து, சின்ன அடியாக, கையை நன்றாக வீசி நடங்கள். மிகச் செங்குத்தான பத்து இருபது மீட்டரில் கையைத் தொடையில் ஊன்றலாம்.

---

முட்டிச்சில்லு:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் பத்து வாரத்தில் மெனக்கெட வேண்டியது இறக்கத்துக்கு. ஏற்றத்துக்கான இதயத்தையும் நுரையீரலையும் டிரெட்மில்லில்கூட வளர்க்கலாம், இறக்கத்துக்கு அது உதவாது. பெரும்பாலான டிரெட்மில் கீழ்நோக்கிச் சாய்வதே இல்லை.

இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்கி உடல் எடையைத் தாங்குகிறது. இதில்தான் தசைநாரில் நுண்கிழிசல் வருகிறது, வலி ஓரிரு நாள் கழித்து உச்சத்துக்குப் போகும். இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒருமுறை நன்றாக இறங்கி, வலி வந்து, ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. இந்தப் பாதுகாப்பை வாங்கிக்கொண்டுதான் பந்தயத்துக்குப் போக வேண்டும். கடைசிக் கடுமையான இறக்கப் பயிற்சியைப் பந்தயத்துக்கு 14 முதல் 18 நாள் முன்னால் வையுங்கள். கடைசி பத்து நாளில் ஒன்று செய்து பார்க்கலாமா என்று தோன்றும், வேண்டாம். ஆறாத தொடையோடு போய் நிற்பீர்கள்.

மலை இல்லையென்றால்:

வாரம் ஒருநாள் டிரெட்மில் 10%, மணிக்கு 6 கி.மீ. நடை. 10 நிமிடம் மூன்று முறை என்று தொடங்கி 20 நிமிடம் இரண்டு முறை வரை கொண்டுபோங்கள். 20 நிமிடம் என்பது 200 மீ. ஏற்றம், உங்கள் செங்குத்து ஏற்றம் ஒன்றுக்குச் சரிசமம். கைப்பிடியைப் பிடித்தால் அந்தப் பயிற்சி பாதிகூடத் தேறாது.

இன்னொரு நாள் மேம்பாலச் சரிவு. 3 முதல் 5% இருந்தால் போதும். 4% ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இதுவே ஒத்திகை. ஏறும்போது நிதானம், இறங்கும்போது வேகம். ஆறு முறையில் ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு கூட்டுங்கள்.

வாரம் இரண்டு முறை வீட்டில்: 20 செ.மீ. படியில் நின்று ஒரு காலால் மெதுவாக, மூன்று நான்கு வினாடி எடுத்து, மற்ற குதிகாலைத் தரையில் தொட்டு எழ வேண்டும். 12 வீதம் 3 செட். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். ஒற்றைக்காலில் குதிகால் தூக்குதல் 15 வீதம் 3 செட். கடைசி இரண்டு வாரம் இதையும் பாதியாக்கிவிடுங்கள்.

நீள ஓட்டத்தில் தூரத்தோடு ஏற்றத்தையும் எழுதி வையுங்கள். உங்கள் பந்தயம் கி.மீ.க்கு 19 மீ. ஏற்றம். வெளியூர் போயாவது இரண்டு மூன்று நீள ஓட்டத்தை அந்த விகிதத்தில் செய்ய முடிந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எதையும் இழுக்க வேண்டாம்.

ஓடும் முறை: இறக்கத்தில் அடியைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றுவதுதான் பிரேக், அதைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை போச்சு. கண் நான்கைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். சரளையில் வண்டித்தடம் பதிந்து இறுகிய கோட்டில் ஓடுங்கள். நடுவிலும் ஓரத்திலும் குவிந்திருக்கும் தளர்ந்த கல்தான் வழுக்கும்.

ஷூ: பாதிக்கு மேல் தார் என்பதால் முழு டிரெயில் ஷூ (மலை, மண்பாதைக்கானது) தேவையில்லை. அடியில் 2 முதல் 3.5 மி.மீ. பற்கள் உள்ள இரண்டுங்கெட்டான் வகை போதும். உயரமான ஃபோமும் கார்பன் தட்டும் உள்ள ரேஸ் ஷூவைத் தவிருங்கள், சரளையில் கணுக்கால் மடங்கும். விரல் நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். மேலே மிச்சமிருக்கும் கடைசித் துளையில் கயிற்றை வளையமாக்கிக் கோத்து, எதிர்க்கயிற்றை அதற்குள் விட்டு இறுக்கினால் குதிகால் நகராது. இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டாது, நகம் கறுக்காது.

---

கடைசிவரிசை:

பேஸ் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். சின்னப் பந்தயத்தில் கவிழ்ப்பவை வேறு.

7 கி.மீ. இடைவெளி உங்கள் வேகத்தில் 45 முதல் 50 நிமிடம். வெயில் இருந்தால் வெறுங்கையோடு அதைக் கடக்க முடியாது. 500 மி.லி. மடங்கும் குடுவை ஒன்று, இடுப்புப் பட்டையிலோ கையிலோ. தண்ணீர் மையத்தில் கப் இருக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் சொந்தக் கப் கொண்டுவரச் சொல்வார்கள்.

ஐந்து மணி நேர வேலை. மணிக்கு 45 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் சுமார் 220 கிராம். ஜெல் (ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்துப் பசைப் பொட்டலம்) ஒன்றில் 25 கிராம் என்றால் ஒன்பது ஜெல். வயிறு பழகியிருந்தால் மணிக்கு 60 கிராம் வரை போகலாம், பந்தயத்தன்று முதன்முறையாக முயலக் கூடாது. 10% ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது ஜெல் இறங்காது, செங்குத்து இறக்கத்தில் வயிறு குலுங்கும். உங்கள் பாதையில் சாப்பிட நல்ல இடங்கள்: முதல் சமதளம், 4% ஏற்றத்தின் நடுப்பகுதி, ஏரிக்கரை, கடைசி இறக்கத்தின் ஆரம்பம். சுற்றுக்கு நான்கு ஆயிற்று. ஒன்பதாவதைப் பந்தயத்துக்குக் கால் மணி முன்னால் எடுத்துவிடுங்கள்.

தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் ஊற்றாதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கு நீரிழப்பைப் போலவே, அதிகம் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவதும் ஆபத்து. விரல் வீங்கி, தலை வலித்து, குமட்டினால் மேலும் தண்ணீர் குடிக்கக் கூடாது, உதவி கேட்க வேண்டும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் வேண்டாம். சிறுநீரகத்துக்கும் கெடுதல், இந்தச் சிக்கலையும் மோசமாக்கும்.

வழி: 150 பேர் என்றால் 10 கி.மீ.க்குப் பிறகு முன்னாலும் பின்னாலும் ஆளே தெரியாது. முன்னால் போகிறவரைப் பின்தொடர்வதும் உத்தரவாதமில்லை, அவரும் தவறியிருக்கலாம். பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை வாட்ச்சில் ஏற்றுங்கள், போனில் வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். கிளைப்பாதை தாண்டி 400 மீட்டருக்குள் அடையாளம் எதுவும் வரவில்லையென்றால் நின்று, கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்புங்கள். அழகான ஏரிக்கரையில்தான் அதிகம் பேர் திருப்பத்தைத் தவறவிடுவார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டு.

சாலை திறந்திருப்பதால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். ஆனால் மலைவளைவில் உட்பக்கம் ஒட்டினால் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. வளைவுக்கு முன்பே வெளிப்பக்கம் மாறி, தாண்டியதும் திரும்புங்கள். காதில் இயர்போன் வேண்டாம். நாய் குரைத்து வந்தால் நடைக்கு மாறுங்கள், ஓடுவதுதான் அதைத் துரத்த வைக்கிறது.

சுற்று முடியும் இடத்தில் பை வைக்க அனுமதி கேளுங்கள். காய்ந்த காலுறை, மீதி நான்கு ஜெல், கொப்புளத்துக்கு டேப், மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடை. 100 மீ. உயர்ந்தால் சுமார் 0.65 டிகிரி குறையும், 200 மீட்டருக்கு அது பெரிதல்ல. ஆனால் வியர்வையோடு உச்சியில் காற்றில் மாட்டினால் குளிர் உறைக்கும். பையை எடுக்கும் இடத்தில் உட்காராதீர்கள். முடிவுக்கோடு பத்தடியில் இருக்கும், இரண்டாம் சுற்றுக்குப் போகாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்கள்.

---

படிக்கட்டு:

சாய்கோடு சொன்ன அட்டவணையில் ஒரு மாற்றுக்கருத்து. 4% ஏற்றத்தை 7:30 என்று வாட்ச்சைப் பார்த்து ஓடினால் குழப்பம்தான். மரநிழலிலும் வளைவிலும் ஜிபிஎஸ் காட்டும் உடனடி வேகம் கி.மீ.க்கு அரை நிமிடம்கூடத் தள்ளாடும். சரிவுக்குத் திருத்திய வேகம் என்று செயலிகள் தருவதற்குச் சரளை தெரியாது. மூச்சை அளவுகோலாக வையுங்கள். முதல் சுற்றில் ஏறும்போது ஏழெட்டுச் சொல் உள்ள வாக்கியம் ஒன்றைத் தடங்கலில்லாமல் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். இதயத்துடிப்பும் சரிவு தொடங்கி ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான் ஏறும், அதை நம்பித் தாமதமாக விழித்துக்கொள்வீர்கள்.

உச்சியைத் தொட்டதும் நிற்பது ஒரு கெட்ட பழக்கம். உடனே பாய்வது இன்னொன்று. ஒரு நிமிடம் மெதுவாக ஓடி மூச்சு அடங்கியபின் இறக்கத்தைப் பிடிக்கலாம். உங்கள் பாதையில் உச்சிக்கு அடுத்ததே 10% சரளை என்பதால் இது ரொம்ப முக்கியம். திணறிய மூச்சோடு இறங்கினால் கால் எங்கே படுகிறது என்ற கவனம் போய்விடும்.

---

சாய்கோடு:

ஒப்புக்கொள்கிறேன். அட்டவணை பகுதிவாரியாகச் சரிபார்க்க மட்டும். ஒவ்வொரு கி.மீ.க்கும் பார்த்தால் தப்பாகத்தான் வழிகாட்டும்.

---

சமதளக்கால்:

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு சந்தேகம். கடைசி 5 கி.மீ. தார் இறக்கம் இரண்டாம் சுற்றில் 37-வது கி.மீ.யில் வருகிறது. அங்கே இழுத்துப் பிடிக்கலாமா? டிரெக்கிங் கம்பு எடுத்துப் போகலாமா?

---

முட்டிச்சில்லு:

கம்பு வேண்டாம். 42 கி.மீ.யில் செங்குத்து ஏற்றம் நான்கே கி.மீ., அதற்கு மட்டும் உதவும், மீதி முழுக்கச் சுமை. விதியில் அனுமதி உண்டா என்பது வேறு.

37-க்குப் பிறகு வேகம் எடுக்கலாமா என்பதை 35-வது கி.மீ. ஏற்றத்திலேயே தெரிந்துகொள்ளலாம். நடக்கும்போது முன்தொடை துடித்தால் அல்லது கெண்டைக்கால் இழுத்தால் 5:50-ஐவிட வேகமாகப் போக வேண்டாம். ஒன்றும் இல்லையென்றால் முதல் ஒரு கி.மீ.யை 5:40-ல் விட்டு, பிறகு சரிவு இழுக்கும் போக்கில் விடுங்கள். சாலையின் ஓரம் சாய்ந்திருக்கும், ஐந்து கி.மீ.யும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒருபக்க இடுப்பும் முட்டியின் வெளிப்புறமும் பிடித்துக்கொள்ளும். வண்டி வராத நீட்டில் நடுவுக்கு வாருங்கள்.

---

படிக்கட்டு:

வாட்ச்சில் தானாக 1 கி.மீ.க்கு லேப் அடிப்பதை (பகுதி நேரத்தைப் பதிவதை) அணைத்துவிட்டு, சரிவு மாறும் ஆறு இடத்திலும் நீங்களே பொத்தானை அழுத்துங்கள். சாய்கோடு தந்த நேரங்களை 37½, 12, 20, 27½ என்று மணிக்கட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் சமதளம் 4 கி.மீ.க்கு 24½, ஏரிக்கரை 18½. 4% ஏற்றம் முதல் சுற்றில் 36 நிமிடத்துக்குக் கீழே வந்தால் ஏரிக்கரையில் கி.மீ.க்கு 15 வினாடி கூடுதலாக எடுத்து மெதுவாக ஓடுங்கள்.