பறவைக் கட்சியை நேரில் பார்த்தவங்க இருக்கீங்களா? (ஹங்கேரி அனுபவங்கள்)

டான்யூப்கரை:
1993லேர்ந்து மூணு வருஷம் புடாபெஸ்ட்ல ஆராய்ச்சி மாணவன். பறவைக் கட்சின்னு நாம சொல்றது எஸ்இசட்டிஎஸ்இசட். 1988ல கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து ஆரம்பிச்ச சுதந்திர ஜனநாயகவாதிகள் கூட்டணிங்கிற கட்சி, 1990 தேர்தல்ல 92 சீட், அதேதான். நான் வாடகைக்கு இருந்த வீட்டோட சொந்தக்காரம்மா எண்பதுகள்ல ராத்திரி ராத்திரியா கார்பன் தாள் வச்சு ரகசியப் பத்திரிகை டைப் அடிச்சவங்க. ஃபிரிட்ஜ் கதவுல கட்சியோட பறவை ஸ்டிக்கர்.

1994 தேர்தல்ல பழைய கம்யூனிஸ்டுகள், அதாவது சோஷலிஸ்ட் கட்சி, பார்லிமென்ட்ல 386 சீட்ல 209 ஜெயிச்சாங்க. ஆட்சி அமைக்க யார் தயவும் தேவையில்லை. இருந்தும் 69 சீட் வச்சிருந்த பறவைக் கட்சிக்காரங்க அவங்களோட போய்ச் சேர்ந்துக்கிட்டாங்க. ரேடியோல அந்தச் செய்தி ஓடும்போதே வீட்டுக்கார அம்மா உருளைக்கிழங்கு சீவுற கத்தியால ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பிச்சாங்க. வாலு மட்டும் வரலை. நான் சுடுதண்ணி வச்சுத் தரட்டுமான்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, இன்னும் உறுத்துது.

கணக்குப்பிள்ளை:
1994 தான் கட்சியைக் கொன்னுச்சுன்னு சொல்ல வர்றீங்க. ஒத்துக்க மாட்டேன். அதுக்கப்புறமும் 2002, 2006 ரெண்டு தடவையும் பார்லிமென்ட் போனாங்களே? அவங்க ஆளு டெம்ஸ்கி 1990லேர்ந்து 2010 வரைக்கும் புடாபெஸ்ட் மேயர். செத்த கட்சியா அது? கொன்னது 300 ஃபோரின்ட் (ஹங்கேரிப் பணம்).

2007ல காது வலின்னு கிளினிக் போனேன். டாக்டரைப் பார்க்க 300 கட்டணும்னு அப்பதான் புதுசா வந்திருந்தது, சுகாதார மந்திரி பதவி இவங்க கையில இருந்த நேரம். எனக்கு முன்னாடி நின்ன தாத்தா கவுண்டர்ல அப்படிச் சண்டை. "வாழ்நாள் பூரா உழைச்சவன்கிட்ட காசா"ன்னு. ஆனா கோட்டு உள்பாக்கெட்ல டாக்டருக்குன்னு ஒரு கவர் எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தது! அப்ப அங்க அது ஊரறிஞ்ச வழக்கம். கவர்ல எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் மரியாதை, ரசீதோட 300 கேட்டா அவமானம். இவங்க பொருளாதாரம் படிச்ச மேதாவிங்க, இது மட்டும் மண்டையில ஏறலை. 2008 மார்ச்ல வாக்கெடுப்பு வச்சு ஜனங்க அந்தக் கட்டணத்தையே தூக்கிட்டாங்க. ஏப்ரல்ல இவங்க சோஷலிஸ்டுகளோட இருந்த ஆட்சிக் கூட்டணியை விட்டு வெளிய வந்தாங்க.

ஊர்சுத்தி:
நான் 2009 ஐரோப்பியத் தேர்தல் சமயம் போனவன். சதுக்கத்துல இந்தக் கட்சியோட ஒரு மேஜை, நோட்டீஸ் காத்துல பறக்காம இருக்க மேல ஒரு ஆப்பிள், பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தார். 2 சதவீதம் சொச்சம்தான் வாங்கினாங்க. அவ்ளோதான் என் கதை.

புதுசா போறவங்களுக்குச் சில விஷயம் சொல்லிடறேன். மெட்ரோ டிக்கெட்டைக் கையில வச்சிருந்தா மட்டும் போதாது, மெஷின்ல குத்தணும். இல்லேன்னா அபராதம், "தெரியாது"ன்னா விட மாட்டாங்க. வீடு எடுக்கும்போது எழுத்துல ஒப்பந்தம் வாங்குங்க, வாய்ப்பேச்சை நம்பாதீங்க. வீட்டுக்காரங்க ஃபிரிட்ஜ்ல எது ஒட்டியிருந்தாலும் கண்டுக்காதீங்க. குளிர்காலத்துக்கு ஷூவை அங்கேயே வாங்குங்க, நம்ம ஊர் ஷூ பனியில வழுக்கும். பெரியவங்ககிட்ட முதல் நாளே அரசியல் வேண்டாம், சூப் நல்லாருக்குன்னு சொல்லுங்க போதும்.

கணக்குப்பிள்ளை:
ஷூ பத்தி யார் கேட்டா ஐயா?

பழையசோறு:
ரெண்டு பேரும் 1990 அக்டோபரை விட்டுட்டீங்க. பெட்ரோல் விலை ஏறினதும் டாக்சிக்காரங்க பாலங்களை மறிச்சாங்களே, நான் பெட்டியைத் தலையில வச்சு டான்யூப் ஆத்தை நடந்து கடந்தேன். பாலத்து நடுவுல ஒரு டிரைவர் பிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திக் கொடுத்து "கோன்ஸ் எங்க பக்கம்"னார். அர்பாத் கோன்ஸ், அப்போதைய ஜனாதிபதி, இதே கட்சிக்காரர். ராணுவத்தை இறக்கக்கூடாதுன்னு நின்ன மனுஷன். அந்த டீக்குச் சமமா அப்புறம் இவங்க யாருக்கும் எதுவும் கொடுக்கலைங்கிறது என் கருத்து. சண்டைக்கு வராதீங்க.

டான்யூப்கரை:
வரலை. பழையசோறு சொன்னதுல ஒண்ணு ஞாபகம் வந்தது. 2010 தேர்தல் முடிஞ்சு அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டேன். யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேட்கலை, அவங்களாவே சொன்னாங்க: "கட்சிப் பட்டியல்ல மேலேர்ந்து கீழ ரெண்டு தடவை தேடினேன். அவங்க பேரே இல்லை."