புதுப்பிப்பு: என் பங்கு அட்வான்ஸ் வந்துவிட்டது

வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ஃபிளாட்டிலிருந்து நான் மட்டும் கிளம்புகிறேன், என் பங்கு அட்வான்ஸை ஓனர் தர மறுக்கிறார், பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையும் பிடிப்பாராம் என்று எழுதியிருந்தேன் அல்லவா?

நீங்கள் சொன்ன தமிழ்நாடு வாடகைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2017-இல் இயற்றி, 2019-இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் வீடுதான் காலியாகவே இல்லையே! மற்ற மூவரும் இருக்கிறார்கள், ஒப்பந்தமும் ஒன்றுதான். அந்த இடத்தில் ஓனர் பேச்சில் நியாயம் இருந்தது.

சரி என்று வழக்கமான வழிக்கே போனோம். எனக்குப் பதில் வந்த பையன் என் பங்கை நேராக எனக்கே ஜிபே செய்தான். இனி அந்தப் பங்கு அவனுடையது என்று ஓனரிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். நாளைக்கு அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது, பாருங்கள். பெயிண்டிங் பிடித்தம் ஒப்பந்தத்திலேயே இருப்பதால் அதில் என் கால்வாசியை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். இரண்டு வருடம் ஒரு ஆணிகூட அடிக்காத சுவருக்கு அது அதிகம்தான்.

கரண்ட் பில் மட்டும் பாக்கி. ரீடிங் எடுத்ததும் அனுப்பிவிடுவேன்.