புதுப்பிப்பு: செவர்ன் ஆற்றில் ஒயிட் பெர்ச் கிடைத்துவிட்டது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள செவர்ன் ஆற்றில் இரண்டு சனிக்கிழமை தூண்டிலோடு நின்றும் ஒரு ஒயிட் பெர்ச் மீன்கூட கடிக்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். "நேரத்தைப் பார்க்காதீர்கள், நீரோட்டத்தைப் பாருங்கள்" என்று சொன்ன நண்பருக்குப் பெரிய நன்றி. அதுதான் விஷயம்.

இந்த ஆற்றில் கடல் ஓதத்தோடு நீர் ஏறி இறங்கும்; இந்த முறை நீர் இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். படகுத்துறைத் தூணைச் சுற்றி நீர் சுழித்து ஓடும் நிழல் பக்கம், ஆழம் ஐந்தடிதான் இருக்கும். 4 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, 1/8 அவுன்ஸ் ஸ்பின்னர் (சுழலும் தகடு வைத்த செயற்கை இரை). வீசியதும் நரம்பைச் சுற்றாமல், தரை தொடும்வரை விட்டு மெதுவாக இழுத்தேன். டக் டக் என்று இரண்டு தட்டு, அப்புறம் கம்பு வளைந்தது!

மொத்தம் 11. ஒன்பது அங்குலத்துக்கு மேலிருந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற பெரிய, வலுவான மீனின் உறவுக்கார மீன் என்பது கையில் பிடித்தால் புரிகிறது. உடம்பு சின்னது, இழுப்பு பெரியது. முதுகு முள் கவனம், விரலைக் கிழித்துவிடும்.

ஓட்டம் நின்றதும் கடியும் நின்றது. சரி என்று கிளம்பிவிட்டேன். அடுத்து புல் இறால் என்ற சின்ன இறாலை இரையாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.